யொரூபா பாரம்பரியப் பாடல்களைக் கொயரில் பாடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பாடும் கொயரில் (கூட்டுப்பாடல் குழுவில்) சில வருஷங்களாக யொரூபா பாட்டுகள் இருக்கின்றன. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நைஜீரியாவின் அபெயோகூட்டா ஊரில் வளர்ந்த ஒரு பெரியம்மா. புதிதாகச் சேருகிறவர்களும் கச்சேரி கேட்க வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை, அவரிடம் கற்றதையும் நான் தேடிப் படித்ததையும் வைத்து இங்கே எழுதியிருக்கிறேன்.

யொரூபா என்பது யார், எங்கே?

நைஜீரியாவின் தென்மேற்குப் பகுதிதான் மையம்: லாகோஸ், ஓகுன், ஓயோ, ஓஷுன், ஒண்டோ, எக்கிட்டி மாநிலங்கள், குவாரா மாநிலத்தின் ஒரு பகுதி. பக்கத்து நாடான பெனினிலும், டோகோவிலும் இருக்கிறார்கள். பேசுகிறவர்கள் 4 கோடிக்கும் மேல். "ஆப்பிரிக்கப் பாட்டு" என்று நிகழ்ச்சி நிரலில் அச்சடிக்காதீர்கள். யொரூபா என்று மொழியின் பெயரையே போடுங்கள்.

பழைய காலத்தில் அவர்கள் கூட்டமாகப் பாடினார்களா, அல்லது கொயர் என்பதே வெளியிலிருந்து வந்ததா?

கூட்டமாகப் பாடுவது அவர்களுடையதுதான். நாலு குரலாகப் பிரித்து, இசை எழுதிய தாளைப் பார்த்து, வரிசையாக நின்று பாடுவது மட்டும்தான் வெளியிலிருந்து வந்தது. ஒருவர் எடுத்துக்கொடுப்பதற்கு லீலே என்றும், மற்றவர்கள் திருப்பிப் பாடுவதற்கு எக்பே என்றும் பெயர். அறுவடை, கல்யாணம், சாவு, கோயில், சண்டை, கேலி என்று எதற்கும் பாட்டு உண்டு, பெரும்பாலும் இந்த அமைப்பில்தான். இரவில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போதுகூட, ஆலோ அபக்பே என்ற வகைக் கதைகளில் நடுநடுவே ஒரு பாட்டு வரும், அதன் பல்லவியைப் பிள்ளைகள் பாடினால்தான் கதை மேலே நகரும். ஆமை இஜாபா ஏதாவது தந்திரம் செய்து மாட்டிக்கொள்ளும் கதைகள் நிறைய. எங்கள் பெரியம்மா எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது அப்படி ஒரு கதைப்பாட்டைத்தான், மேடைக்காக இல்லை, வாய் பழகுவதற்காக.

பல்லவியைப் பெரும்பாலும் எல்லாரும் ஒரே சுரத்தில், ஆணும் பெண்ணும் ஒரு ஸ்தாயி தள்ளிப் பாடுவார்கள். எக்கிட்டி, இஜேஷா பகுதிகளில் மட்டும் இரண்டு குரல்கள் மூன்றாம் சுர இடைவெளியில் பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்தே நகரும். வெள்ளைக்காரர்கள் கற்றுக்கொடுத்ததில்லை, அந்த ஊர்க்காரர்களின் பழைய பழக்கம். பின்னால் சொல்லப்போகிற சிக்கலுக்கு இது ஒரு வழி காட்டும் என்பதால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"தொனி, தொனி" என்று ஏன் இவ்வளவு சொல்கிறீர்கள்? மெட்டு சரியாக இருந்தால் போதாதா?

போதாது, ஏனென்றால் யொரூபாவில் மெட்டும் சொல்லின் ஒரு பாகம். அது மூன்று தொனி உள்ள மொழி: தாழ்ந்தது, நடு, உயர்ந்தது. அங்கே பள்ளிக்கூடங்களிலேயே இதை டோ, ரே, மி என்று சொல்லித்தான் கற்றுக்கொடுக்கிறார்கள் (நம் காதுக்கு ஸ, ரி, க என்று வைத்துக்கொள்ளலாம்). எழுத்துகள் ஒன்றாகவே இருந்தாலும் தொனி மாறினால் சொல்லே வேறு. ஒக்கோ என்பதை ரே-ரே என்று சொன்னால் கணவன், ரே-மி என்றால் மண்வெட்டி, ரே-டோ என்றால் வண்டி அல்லது படகு, டோ-டோ என்றால் ஈட்டி. இக்பா என்பது ரே-ரே என்றால் இருநூறு, ரே-மி என்றால் சுரைக்குடுவை, டோ-டோ என்றால் காலம்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். "இஷே ஒலுவா" என்ற பாட்டு. இஷே என்றால் வேலை, ஒலுவா என்றால் ஆண்டவர்: ஆண்டவரின் செயல் கெட்டுப்போக முடியாது என்பது பாட்டின் பொருள். வேலை என்ற பொருளில் இஷே ரே-மி. எங்கள் முதல் ஒத்திகையில் ஆரம்பம் எடுப்பாக இருக்கட்டும் என்று முதல் அசையைக் கீழே இறக்கிவிட்டுப் பாடினோம், அதாவது டோ-மி. பெரியம்மா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். டோ-மி இஷே என்றால் வறுமை. ஆண்டவருடைய வறுமை கெட்டுப்போக முடியாது என்று முப்பது பேர் முழுக்குரலில் பாடிக்கொண்டிருந்திருக்கிறோம். அவர் கோபப்படவில்லை, ஆனால் அவர் முகம் வாடியதைப் பார்த்த பிறகு நான் ஒரு பாட்டைக்கூட தொனி கேட்காமல் எடுத்ததில்லை.

இந்த இரண்டு சொற்களையும் சேர்த்து ஒரு பழமொழியே இருக்கிறது, "இஷே லோகுன் இஷே": வேலையே வறுமைக்கு மருந்து. முதல் இஷே ரே-மி, கடைசி இஷே டோ-மி. கொயரை உட்காரவைத்து இதைப் பத்துத் தடவை சொல்லவையுங்கள், தொனி பற்றி வேறு பாடமே வேண்டாம்.

அப்படியானால் மெட்டுப் போடுகிறவருக்குச் சுதந்திரமே இல்லையா?

நிறைய இருக்கிறது. தொனி சொல்வது திசையை மட்டும்தான்: ஏறு, இறங்கு, அப்படியே நில். எவ்வளவு ஏறுவது, எங்கே நிறுத்துவது, எந்தத் தாளத்தில் விடுவது எல்லாம் பாடுகிறவர் கையில். பேச்சிலேயே நீளமான வாக்கியம் போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரிந்துவரும், பாட்டு வரிகளும் அப்படி மேலிருந்து இறங்கி முடிவது அதனால் இயல்பாகத் தோன்றும். ஒரு அசைக்குப் பெரும்பாலும் ஒரு சுரம்தான், நம் சங்கதி மாதிரி ஒரே எழுத்தில் வளைத்து வளைத்துப் போனால் இல்லாத தொனி எல்லாம் அதில் ஏறிவிடும்.

அப்புறம் இன்னொன்று, இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. ஆங்கில ஞானப்பாட்டில் ஒரே மெட்டுக்கு ஆறு சரணம் பாடலாம். யொரூபாவில் ஒவ்வொரு சரணத்துக்கும் சொற்கள் வேறு, எனவே ஏற்ற இறக்கமும் வேறு, முதல் சரணத்துக்குப் பொருந்திய மெட்டு இரண்டாவதைக் கெடுத்துவிடும். லீலே-எக்பே அமைப்பில் அந்தத் தொல்லையே இல்லை. முன்பாடகர் சொல்லுக்குத் தகுந்தபடி ஒவ்வொரு தடவையும் மெட்டை மாற்றிக்கொண்டே போவார், கூட்டம் பாடுகிற வரி சொல்லும் மாறாது, மெட்டும் மாறாது. எல்லாரையும் பாடவைக்கும் வசதிக்காக மட்டும் வந்த அமைப்பு இல்லை இது, மொழியே கேட்கிற அமைப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாலு குரல் இசைவமைப்பில் மற்ற குரல்கள் என்ன ஆகின்றன?

இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான கேள்வி. சோப்ரானோ, அதாவது பெண்களின் மேல் குரல், மெட்டைச் சரியாகப் பாடுகிறது என்று வையுங்கள். அதே அசையில் பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) எதிர்த்திசையில் இறங்கினால், பேஸ் பாடுகிறவர் வேறு சொல் பாடுகிறார். மேற்கத்திய இசைவு இலக்கணத்தில் எதிர்த்திசை நகர்வு நல்லது என்று கற்றுக்கொடுப்பார்கள், இங்கே அதுவே தப்பாகப் போகிறது. எக்கிட்டிக்காரர்கள் மாதிரி குரல்களை ஒரே திசையில் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்துவது ஒரு வழி. மெட்டுக் குரல் மட்டும் சொல்லைப் பாட, மற்றவை ஒரு சின்னப் பதிலையோ வெறும் ஓசையையோ பிடித்துக்கொண்டு நிற்பது இன்னொரு வழி. கேட்கிறவர் மேல் குரலைத்தான் பின்தொடர்கிறார், அது சரியாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு, அந்த வழியில் நல்ல இசையமைப்புகளும் வந்திருக்கின்றன. ஆனால் கொயரில் ஆல்டோ (சோப்ரானோவுக்குக் கீழே உள்ள குரல்) பாடுகிற எனக்கு, நான் பாடுவதும் சொல்லாக இருக்க வேண்டும் என்ற ஆசை விடாது, அதனால் முதல் வழிக்குத்தான் என் ஓட்டு.

இந்தக் கொயர் பழக்கம் யொரூபா நாட்டுக்குள் எப்படி வந்தது?

மிஷனரிகளோடு. 1846-இல் ஆங்கிலிக்கன் மிஷன் அபெயோகூட்டாவுக்கு வந்தது. வந்தவர்களில் ஹென்றி டவுன்சென்ட் வெள்ளைக்காரர், சாமுவேல் அஜாயி க்ரௌதர் யொரூபாக்காரர். க்ரௌதர் 1821-இல் சிறுவனாக அடிமை வேட்டையில் பிடிபட்டு, கப்பலில் மீட்கப்பட்டு சியரா லியோனில் இறக்கப்பட்டவர். 1844 ஜனவரியில் அங்கே ஃப்ரீடவுனில் யொரூபா மொழியில் ஆராதனை நடத்தினார், 1864-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்கப் பிஷப் ஆனார். யொரூபா பைபிள் மொழிபெயர்ப்பில் பெரும் பங்கு அவருடையது.

பாட்டு விஷயத்தில் மட்டும் நடந்தது சோகம். ஆங்கில ஞானப்பாட்டுகளின் சொற்களை யொரூபாவுக்கு மாற்றினார்கள், மெட்டை அப்படியே வைத்தார்கள். சொல் ஏறவேண்டிய இடத்தில் மெட்டு இறங்கியது. பொருள் தெரிந்தவர்கள் மனசுக்குள் திருத்திக்கொண்டு பாடினார்கள், பல தலைமுறை.

திருத்த முயன்றவர்களும் அந்தச் சபைகளுக்குள்ளிருந்தே வந்தார்கள். அபெயோகூட்டா போதகர் ஜோசையா ரன்சம்-கூட்டி (1855–1930) ஊரில் பாடிய மெட்டுகளில் கிறிஸ்தவப் பாட்டுகள் கட்டினார், 1922-இல் லண்டன் போனபோது ஸோனோஃபோன் கம்பெனிக்காக 40-க்கும் மேற்பட்ட பாட்டுகளை இசைத்தட்டில் பதிவு செய்தார். பிற்காலத்தில் உலகம் அறிந்த இசைக்கலைஞர் ஃபெலா கூட்டிக்கு இவர் தாத்தா. லாகோஸ் கிறைஸ்ட் சர்ச் கதீட்ரலில் 1914 முதல் 1962 வரை ஆர்கனிஸ்டாகவும் கொயர் மாஸ்டராகவும் இருந்த எகுண்டாயோ ஃபிலிப்ஸ், யொரூபா இசை பற்றி 1953-இல் ஒரு புத்தகமே எழுதினார். பேச்சும் இசையும் ஒன்றாகக் கலந்ததுதான் யொரூபா இசை என்பது அவர் வாதம், தன் கொயருக்கு அவர் எழுதிய பாட்டுகளும் தொனியைப் பின்பற்றியே போகின்றன. இசையமைப்பாளர்கள் ஃபெலா சோவாண்டே, ஆயோ பான்கோலே, அகின் யூபா எல்லாரும் இந்தப் பாதையில் வந்தவர்கள். இன்னொரு பக்கம் 1925-இல் தொடங்கிய கேருபீன் சேராபீன் போன்ற அலாதூரா சபைகள், அதாவது "ஜெபிக்கிறவர்களின்" சபைகள், கைத்தட்டலையும் மேளத்தையும் ஊர் மெட்டையும் கூச்சமில்லாமல் உள்ளே கொண்டுவந்தன. இன்றைய யொரூபா கொயர்களின் துள்ளல் பாதிக்கு மேல் இவர்களிடமிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டுக் கொயர்கள் அதிகம் பாடும் யொரூபா பாட்டு எது?

நான் அதிகம் கேட்டவை இரண்டு: மேலே சொன்ன இஷே ஒலுவா, அப்புறம் பெத்தலெஹேமு. இரண்டாவது கிறிஸ்துமஸ் பாட்டு. நைஜீரியாவில் பதாகிரி பக்கத்து அஜிதோ என்ற கடலோர ஊரில் பிறந்த மேளக்காரர் பாபடுண்டே ஒலாடுஞ்சி, 1950-களில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் மோர்ஹவுஸ் கல்லூரியில் படித்தபோது அங்கே கொண்டுவந்தார், அந்தக் கல்லூரி ஆண்கள் கொயரின் மாஸ்டர் வெண்டல் வேலம் அதற்குக் கொயர் வடிவம் கொடுத்தார், அங்கிருந்து உலகமெல்லாம் பரவியது. இரண்டுமே தேவாலயப் பாட்டுகள் என்பதைக் கவனியுங்கள். நிரலில் "பழங்காலப் பழங்குடிப் பாட்டு" என்று எழுதினால் அது பொய்.

உச்சரிப்பில் தமிழ் பேசுகிறவர்களுக்கு எது கஷ்டம்?

க்ப என்று நான் எழுதுகிற ஒலிதான். "க்" முதலில், "ப" பிறகு என்று சொல்லக்கூடாது, நாக்கின் அடியும் உதடும் ஒரே நேரத்தில் மூடி ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். அவர்கள் ரோமன் எழுத்தில் வெறும் ‘பி’ (p) என்று எழுதுவதும் இதே வகைதான், நம் ப இல்லை. இதில் மென்மை ஒன்று, வன்மை ஒன்று என இரண்டு உண்டு. கண்ணாடி முன்னால் நின்று உதட்டைப் பார்த்துப் பழகினால் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

உயிரில் எ, ஒ இரண்டுக்கும் மூடியது, திறந்தது என்று ஜோடி இருக்கிறது. எழுத்தின் கீழே புள்ளி இருந்தால் திறந்தது. "ஹால்" என்று சொல்லும்போது ஆவுக்கும் ஓவுக்கும் நடுவில் ஒரு ஒலி வருகிறதே, புள்ளி வைத்த ஒ கிட்டத்தட்ட அது. தாளை நகலெடுக்கும்போது இந்தப் புள்ளிகளையும் தொனிக்கோடுகளையும் விட்டுவிடுகிறார்கள், அப்படி வந்த தாளை நம்பவே நம்பாதீர்கள்.

நமக்குச் சுலபமானதும் ஒன்று உண்டு. உயிருக்குப் பின்னால் ‘ன்’ எழுதியிருந்தால் அது தனி மெய் இல்லை, உயிரையே மூக்கால் சொல்ல வேண்டும். பேச்சுத்தமிழில் "அவன்", "மரம்" என்பவற்றின் கடைசியை நாம் மூக்கில் முடிக்கிறோமே, அதேதான். எங்கள் கொயரில் ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர்கள் இதற்குத் திணறினார்கள், நான் முதல் நாளே சரியாக உச்சரித்துவிட்டேன்.

மேளம் கட்டாயமா? பியானோ போதாதா?

பியானோவோடு பாடலாம், தப்பில்லை. ஆனால் ஷெகெரே (வெளியே பாசிமணி வலை போர்த்திய சுரைக்குடுவை), அகோகோ (அடித்து ஒலிக்கும் இரும்பு மணி) இந்த இரண்டுமாவது இருந்தால் பாட்டு நிமிர்ந்து நிற்கும். மணியின் அடி பல பாட்டுகளில் 12 துடிப்புகளைச் சமமில்லாமல் பிரித்து வரும். ஏழடி வடிவத்தில் 2-2-1-2-2-2-1. இதைக் கையில் தட்டிக்கொண்டே பாட முடிகிறவரை தாளைத் தொடாதீர்கள்.

டுன்டுன் என்ற பேசும் மேளம் வேறு சமாச்சாரம். நம் உடுக்கை மாதிரி இடுப்புச் சிறுத்தது, பக்கத்து வார்களைக் கையால் அழுத்த அழுத்தச் சுருதி ஏறும். தொனியே சொல் என்பதால் மேளம் உண்மையாகவே பேசுகிறது: வாழ்த்துகிறது, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, பழமொழி சொல்கிறது. குழுவின் தலைமை மேளத்துக்கு இயாலு, தாய் மேளம் என்று பெயர். மேளக்காரக் குடும்பங்களில் பிறந்தவர்களின் பெயர் "ஆயான்" என்று தொடங்கும், அவ்வளவு பரம்பரையான கலை. அதனால் யாரோ ஒருவரிடம் டுன்டுனைக் கொடுத்து "சும்மா பின்னால் தட்டு" என்று சொல்லாதீர்கள், மொழி தெரிந்தவர்களுக்கு அது உளறலாகக் கேட்கும். வாசிக்கத் தெரிந்தவர் கிடைக்கவில்லையா, அதை விட்டுவிட்டு மணியோடு பாடுங்கள்.

எந்தப் பாட்டையும் மேடையில் பாடலாமா?

கூடாது. ஓரோ என்ற வழிபாட்டு ஊர்வலம் வெளிவரும்போது பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், பார்க்கக்கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு, அதன் பாட்டுகளைக் கலப்புக் கொயர் கச்சேரியில் பாடுவது அவமதிப்பு. இஃபா குறி சொல்லும் மரபின் ஓதல்கள், வேடர்கள் ஓகுன் தெய்வத்துக்குச் சொல்லும் இஜாலா, மூதாதையர் வேடமிடும் எகுங்குன்காரர்களின் பாட்டு இவையெல்லாம் பல வருஷம் பயின்றவர்களின் கலைகள், பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் நிற்பவை, நாலு குரலில் அடக்கினால் செத்துப்போகும். ஓயோ பக்கத்தில் கல்யாணப்பெண் பிறந்த வீட்டை விட்டுப் போகும்போது பாடும் எக்குன் இயாவோ அழுகையோடு பாடுவது. அதைப் பதிவில் கேட்டு நான் உருகிப்போனேன், ஆனால் கொயருக்கு எடுக்க மனம் வரவில்லை. ஓஷுன், ஷாங்கோ போன்ற தெய்வங்களின் பாட்டுகளில் திருவிழாவில் ஊரே பாடுபவை உண்டு, அவற்றை அந்த வழிபாட்டைச் சேர்ந்த ஒருவரிடம் கேட்டுவிட்டுப் பாடலாம். கதைப்பாட்டு, விளையாட்டுப் பாட்டு, வேலைப்பாட்டு, வாழ்த்துப்பாட்டு இவற்றுக்கு யாரும் தடை சொல்வதில்லை, அங்கேயே பல வருஷத்துக்குப் போதுமானது இருக்கிறது.

கியூபா கொயர்கள் பாடுகிற யொரூபா பாட்டும் நைஜீரியாவின் பாட்டும் ஒன்றா?

வேர் ஒன்று. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் கியூபாவிலும் பிரேசிலிலும் காப்பாற்றி வைத்த பாட்டுகள் அவை. கியூபாவில் அந்த மொழிக்கு லுக்குமி என்று பெயர். சுற்றிலும் ஸ்பானிஷ் பேசிய இடத்தில் தொனி தேய்ந்துபோயிற்று, ஆனால் மெட்டும் தெய்வங்களின் பெயரும் நிலைத்தன. இரண்டையும் கலந்து "திருத்த" முயலாதீர்கள். அங்கே கற்றதை அங்கே பாடுகிறபடி பாடுங்கள்.

எந்த உடை? ஆடலாமா?

அசையாமல் நின்று பாடுவதுதான் அவர்களுக்கு வினோதம். பக்கவாட்டில் ஒரு எளிய அடி போதும், எல்லாரும் ஒரே மாதிரி தூக்க வேண்டியதில்லை. உடையைப் பொறுத்தவரை ஒரே துணியில் எல்லாரும் தைத்துப் போடும் அஷோ எபி வழக்கம் கொயருக்குப் பொருத்தமானது. அபெயோகூட்டாவின் ஆதிரே என்ற நீலச்சாயத் துணி அழகு. பெண்களின் தலைக்கட்டு கெலே, ஆண்களின் தொப்பி ஃபிலா. கட்டத் தெரிந்தவர் கட்டிவிட்டால் போடுங்கள், இல்லையென்றால் வெறும் தலையோடு பாடுங்கள்.

பாடும்போது யாராவது நெற்றியில் பணம் ஒட்டினால்?

பாராட்டு, கோபப்படாதீர்கள். விழாக்களில் பாடகருக்கும் ஆடுகிறவருக்கும் அப்படி ஒட்டுவது பழைய வழக்கம். ஆனால் நைஜீரியாவுக்குள் பாடப்போனால் கவனம்: 2007 மத்திய வங்கிச் சட்டப்படி நைரா (நைஜீரியப் பணம்) நோட்டை இப்படி இறைப்பதும் மிதிப்பதும் குற்றம், குறைந்தது 6 மாதச் சிறை அல்லது 50,000 நைரா அபராதம். 2024-இல் ஒருவர் இதற்காகச் சிறைக்கே போனார்.

எங்கள் கொயரில் முதல் பாட்டை எப்படித் தொடங்குவது?

தாளை மூடிவையுங்கள். யொரூபா பேசும் ஒருவரைத் தேடுங்கள். உங்கள் ஊரில் நைஜீரியச் சபை இருந்தால் அங்கே கட்டாயம் கிடைப்பார், அவருடைய நேரத்துக்குப் பணம் கொடுங்கள். அவர் வரிகளைப் பேசட்டும், பாடவேண்டாம், வெறும் பேச்சு. அதை அலைபேசியில் பதிவு செய்து ஒரு வாரம் எல்லாரும் கேட்டுக் கேட்டுப் பேசிப் பழகட்டும். பிறகு அந்தப் பேச்சை டோ-ரே-மி ஆகச் சொல்லுங்கள், அதற்கப்புறம் மெட்டு. அங்குள்ள சபைக் கொயர்கள் பலவும் ஐந்துகோட்டு நோட்டேஷனைவிட டானிக் சோல்ஃபா எழுத்தில்தான் (டோ, ரே, மி என்பவற்றின் முதலெழுத்துகளால் சுரத்தைக் குறிக்கும் முறை) படிக்கின்றன, தாள் கேட்டால் அந்த வடிவில் வரலாம், அதைப் படிக்கப் பழகிக்கொள்வது நல்லது. எங்களுக்கு முதல் பாட்டு, மூன்று நிமிஷப் பாட்டு, ஏழு ஒத்திகை எடுத்தது. அதில் முதல் மூன்றில் நாங்கள் ஒரு சுரம்கூடப் பாடவில்லை.